ஸ்டீல் வாட்ச் செயினில் கீறல் எடுப்பது எப்படி: ஒன்றைக் கெடுத்துக் கற்றுக்கொண்டவனின் வழிகாட்டி

ஆசையாக வாங்கிய ஸ்டீல் வாட்ச். மூன்றாம் வருடத்தில் லாக் (மணிக்கட்டின் அடியில் செயினைப் பூட்டும் பகுதி) முழுக்கக் கீறல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் கிடந்த உலோக பாலிஷைத் துணியில் தொட்டு லாக்கின் மேல் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் கீறல் காணாமல் போனது. கூடவே, லாக்கின் மேல் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய கோடுகளும் காணாமல் போயின. செயின் முழுக்க மங்கலான வெள்ளி, நடுவில் லாக் மட்டும் வழுக்கைத் தலை மாதிரி மின்னியது. அதைச் சரிசெய்கிறேன் என்று உப்புத்தாளை முன்னும் பின்னுமாக இழுத்து இன்னும் கெடுத்தேன். கடைசியில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் செயின் முழுவதையும் மோட்டார் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கித் தந்தார்கள். கண்ணிகளின் விளிம்பெல்லாம் கரைந்த சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தது. "புதுசு மாதிரி இருக்குல்ல சார்?" என்று வேறு கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஓடாத பழைய வாட்சுகளின் செயின்களை வைத்துப் பழகினேன். இப்போது ஒரு செயினை வீட்டிலேயே ஓரளவு நன்றாகத் திருப்பிக் கொண்டுவர முடிகிறது. நீங்கள் முதல் தடவையாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நான் பட்ட பாட்டில் பாதி, வரிசையை மாற்றியதால் வந்தது.

1. முதலில் கழுவுங்கள்

சோம்பலாக இருக்கும், ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கீறல் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு கீறலே இல்லை. அழுக்கு, அல்லது வேறு மென்மையான உலோகம் உரசி ஒட்டிக்கொண்ட தடம். மேசை விளிம்பு, கதவுக் கைப்பிடி போன்றவற்றின் உலோகம் ஸ்டீல் மேல் கோடு போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தூசியில் இருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஸ்டீலுக்கு ஐந்தரைக்குப் பக்கம்தான். தூசி படிந்த செயினை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே புதுக் கீறல் விழும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மிருதுவான பழைய டூத் பிரஷ் ஒன்று, அவ்வளவு போதும். செயினை வாட்சிலிருந்து கழற்றிவிட்டுக் கழுவுவது நல்லது (கழற்றும் முறை 4-ஆம் படியில் இருக்கிறது). கழற்றாமல் கழுவினால், பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் குழாயடியில் காட்டாதீர்கள். அந்த எண் முப்பது மீட்டர் ஆழம் நீந்தலாம் என்பதற்கு அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான்.

2. என்ன உலோகம், மேலே பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள்

லாக்கைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். சாதாரண ஸ்டீல் என்றால் பயமில்லை. வாட்சுகளில் அதிகம் வருவது 316எல் என்ற வகை. ரோலெக்ஸ் பயன்படுத்துவது 904எல். தேய்க்கும் முறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பூச்சு போட்டது, மேற்பரப்பைக் கடினமாக்கியது, மணல் வீசியடித்தது என்று கீழே சொல்லும் மூன்றில் ஒன்றாக உங்கள் செயின் இருந்தால் இந்தக் கட்டுரையின் 1, 3, 9 படிகள் மட்டும் உங்களுக்குப் போதும், தேய்க்கிற வேலையே வேண்டாம்.

கறுப்பு, நீலம், ரோஸ் கோல்டு நிறச் செயின்கள் பெரும்பாலும் பி.வி.டி. அல்லது டி.எல்.சி. எனப்படும் மெல்லிய, கடினமான பூச்சு போட்டவை. பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கறுப்புச் செயினில் கீறலுக்குள் வெள்ளி நிறம் தெரிகிறதென்றால் பூச்சு ஏற்கெனவே போய்விட்டது. தேய்த்தால் அந்த வெள்ளி இன்னும் விரியும். தங்க முலாமும் அப்படித்தான். விளிம்புகளில் மட்டும் நிறம் வெளுத்திருந்தால் அது முலாம்.

அடுத்தது, மேற்பரப்பைக் கடினமாக்கிய செயின்கள். சிட்டிசனின் டியூராடெக்ட், செய்கோவின் டயாஷீல்ட், சின் நிறுவனத்தின் டெகிமென்ட் என்று கையேட்டிலோ பின்மூடியிலோ இருந்தால் அவற்றின் கடினம் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் எதற்குக் காசு கொடுத்தீர்களோ அதையே சுரண்டி எடுக்கிறீர்கள்.

டைட்டேனியம் கொஞ்சம் தனி. கையில் தூக்கினாலே தெரியும். ஸ்டீலின் அடர்த்தி ஏறக்குறைய 8, டைட்டேனியத்துக்கு 4.5. நிறமும் சற்றுக் கருஞ்சாம்பலாக இருக்கும். பூச்சில்லாத டைட்டேனியத்தில் கையால் கோடு போடலாம், நன்றாகவே வரும். மோட்டார் கருவி மட்டும் கூடாது. அதன் நுண்துகள் தீப்பிடிக்கக்கூடியது.

மணலை வீசியடித்து உருவாக்கிய, கோடே இல்லாத சொரசொரப்பான மங்கல் ஃபினிஷ் ஒன்று உண்டு. அதை வீட்டில் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை; அதற்கென்று இயந்திரம் வேண்டும்.

பழைய செயின்களில் கண்ணிகள் உள்ளே கூடாக, தகட்டை மடித்துச் செய்தவையாக இருக்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் மடிப்பு தெரியும். அவற்றில் ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், தகடு மெல்லியது.

3. ஃபினிஷைப் படியுங்கள், படம் எடுங்கள்

எனக்கு முதல் தடவை தவறியது இங்கேதான். ஒரே செயினில் இரண்டு மூன்று வகை ஃபினிஷ் இருக்கும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். செயினை விளக்குக்கு நேரே நீட்டி மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் கண்ணி முழுதும் வெண்மையாக எழும்பும். கொஞ்சம் திருப்பினால் அப்படியே இருண்டுவிடும். அந்த மாற்றம் கோடுகளால் வருவது. கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று இப்போது தெளிவாகத் தெரியும். பெரும்பாலான செயின்களில் மேல்பக்கக் கோடு செயினின் நீளத்தோடு ஓடும். சிலவற்றில் நடுக்கண்ணி மட்டும் கண்ணாடிப் பளபளப்பு, ஓரக் கண்ணிகள் கோடு. பக்கவாட்டு விளிம்பு பளபளப்பாக இருக்கும், அல்லது அதுவும் கோடாக இருக்கும். மேல்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் சரிவாக ஒரு பளபளப்புப் பட்டை ஓடினால், அந்த வாட்சைச் செய்தவர்கள் அதற்காக நிறைய உழைத்திருக்கிறார்கள். நம் கை படக்கூடாத இடம் அது.

ஒரு தாளில் செயினின் குறுக்குவெட்டைக் கிறுக்கி, எந்தப் பக்கம் கோடு, எந்தப் பக்கம் பளபளப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே சாய்ந்த வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுங்கள்: மேல்பக்கம், இரு பக்கவாட்டுகள், லாக்கின் உள்ளும் வெளியும், வாட்சோடு சேரும் முனைக் கண்ணிகள். பாதி வேலையில் "இது முன்னாடியே இப்படித்தான் இருந்ததா?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அப்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

ஆவணங்களையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வாரண்டி அட்டையில் செயின், கண்ணாடி, தோற்றத் தேய்மானம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். கீறல் பொதுவாக வாரண்டியில் வராது. ஆனால் வாரண்டிக் காலத்தில் பூச்சு தானாக உரிகிறது, லாக் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கணக்கு. நீங்கள் உப்புத்தாள் வைத்த பிறகு அந்தப் புகாரைக் கொண்டுபோய் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். காப்பீடு செய்த வாட்ச், அப்பா தாத்தா கொடுத்த வாட்ச், நாளை விற்க நினைக்கும் விலையுயர்ந்த வாட்ச் என்றால் இன்னும் ஒரு நாள் யோசியுங்கள். பழைய வாட்சுகளைச் சேகரிப்பவர்கள் கீறலோடு இருக்கும் மழுங்காத செயினுக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

கடைசியாக, நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெல்ல இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் வீட்டு வேலை. லேசாகத் தட்டினால் முயற்சி செய்யலாம், முழுதும் போகாது. நகம் மாட்டி நின்றால் அது பள்ளம். அதை எடுக்கச் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்க வேண்டும். விட்டுவிடுங்கள். சுற்றிலும் கோடு சீரானாலே பாதிப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

4. செயினைக் கழற்றுங்கள்

தேய்க்கும்போது வரும் கறுப்புப் பொடி, நேரம் மாற்றத் திருகும் வாட்சின் திருகிக்குள் போகக்கூடாது. உப்புத்தாள் கேஸில், அதாவது வாட்சின் உலோக உடலில், படக்கூடாது. அதனால் கழற்றியே ஆக வேண்டும்.

செயினையும் வாட்சையும் இணைப்பது ஸ்பிரிங் பின். அதற்கான கழற்றும் கருவி, முனையில் சின்னக் கவையோடு, தனியாகக் கிடைக்கிறது. பேனாக் கத்தி வேண்டாம். வழுக்கி கேஸின் காதில் (செயின் மாட்ட நீண்டிருக்கும் கொம்பு) ஆழமாக ஒரு கோடு போட்டால், எடுக்க வந்த கீறலைவிட அது பெரிதாக இருக்கும். காதுகளின் உள்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்பிரிங் பின் எகிறிப் பறக்கும் சாமான். ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுக் கழற்றினால் அது பைக்குள்ளேயே விழும். இல்லாவிட்டால் கட்டிலடியில் தவழ வேண்டும்.

12 மணிப் பக்கச் செயின், 6 மணிப் பக்கச் செயின் என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். முனைக் கண்ணிகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாறிப்போனால் சரியாக உட்காராமல் போகலாம். கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தேவையில்லை. ஸ்பிரிங் பின் பழசு என்றால் அதே நீளத்தில் ஒரு ஜோடி புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கேஸின் இரு காதுகளுக்கும் இடையிலுள்ள அகலம்தான் அளவு. 18, 20, 22 மி.மீ. சாதாரணமாக வருபவை. விலை மிகக் குறைவு, ஆனால் வாட்ச் மொத்தமும் தொங்குவது அதில்தான்.

செயினும் கேஸும் ஒரே உடலாக, இடையில் காது தெரியாமல் சேர்ந்திருக்கும் மாடல் என்றால் கழற்றும் வேலையை வாட்ச் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

5. வாங்க வேண்டியவை, செலவு

கோடு போட: தேய்ப்புப் பட்டைகள். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரே பல செயின்களின் கோட்டோடு அழகாகப் பொருந்துகிறது. அதைவிடக் கச்சிதமாக வேண்டுமென்றால் ஸ்காட்ச்-பிரைட்டில் 7447 என்ற மெரூன் பட்டையும் 7448 என்ற சாம்பல் பட்டையும் உண்டு. மெரூன் சற்று முரடு, சாம்பல் மிக நைசு.

கீறலைக் குறைக்க: தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், அதாவது வாட்டர் பேப்பர். 600, 1000, 1500, 2000 எண்களில் ஒவ்வொரு தாள். எண் கூடக்கூட நைசு.

பளபளப்புக்கு: உலோக பாலிஷ் பசை ஒரு சிறு குழாய், அல்லது கேப் காட் போல மருந்து ஊறிய துணி. இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறுப்பு நகக்கண்ணில் இரண்டு நாள் இருக்கும்.

இவற்றோடு மாஸ்கிங் டேப், இருபுறமும் ஒட்டும் டேப், தட்டையான சிறு மரத்துண்டு ஒன்று, ஐஸ் குச்சிகள் நான்கைந்து. பெரிய செலவு என்று பார்த்தால் ஸ்பிரிங் பின் கருவி மட்டும்தான். அதுவும் வாழ்நாளுக்கு ஒரு தடவை. ஒரு பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டால் பல செயின்களுக்கு வரும்.

வாங்கக் கூடாதது, கையில் பிடிக்கும் சுழல் மோட்டார். அதன் சிறு சக்கரம் தட்டையான பரப்பில் அலை அலையாகப் பள்ளம் போடும். விளிம்பை இரண்டு நொடியில் தின்றுவிடும். கை வேலையில் தப்பு மெதுவாக நடக்கும், நிறுத்த நேரம் இருக்கும். பற்பசை, சமையல் சோடா யோசனைகளும் வேண்டாம். பளபளப்புப் பரப்பில் அவை ஏதோ கொஞ்சம் செய்வது உண்மைதான். கோடு போட்ட பரப்பில் அரைகுறைப் பளபளப்பையும் கண்ணியிடுக்கில் வெள்ளைப் படிவையும்தான் விட்டுவிட்டுப் போகும்.

கண்ணாடியிழைப் பேனா ஒன்றும் விற்கிறார்கள். சின்ன இடுக்குகளில் கோடு போட நன்றாக உதவும். ஆனால் உதிரும் இழை தோலில் ஏறினால் எடுப்பது பாடு. வாங்கினால் கையுறையும் ஈரத்துணியும் இல்லாமல் தொடாதீர்கள்.

நேரம்: லாக் மட்டும் கோடு போட அரை மணி. கோடு மட்டுமே உள்ள முழுச் செயின், கழற்றி மாட்டுவது உட்பட ஒரு மாலை. பளபளப்பும் கோடும் கலந்த செயின் என்றால் ஒரு நாள் விடுமுறையை ஒதுக்குங்கள். டேப் ஒட்டுவதற்கே அதில் பாதி போய்விடும்.

6. பளபளப்புப் பரப்பை முதலில் முடியுங்கள்

இரண்டு ஃபினிஷும் உள்ள செயினில் பாலிஷ் முதலில், கோடு பிறகு. தலைகீழாகச் செய்தால், போட்டு முடித்த கோட்டின் ஓரத்தில் பாலிஷ் துணி பட்டு மங்கும். கோடு கடைசியில் வந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையும் கத்தி வைத்து வெட்டியதுபோல நிற்கும்.

கோடு உள்ள கண்ணிகளை டேப்பால் மூடுங்கள். துணியை விரலில் சுற்றாதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் விளிம்பில் வழிந்து உருட்டிவிடும். ஐஸ் குச்சியில் துணியை இறுக்கிச் சுற்றி, பசையைப் பொட்டளவு தொட்டு, கண்ணியின் தட்டையான பரப்பில் மட்டும் முன்பின்னாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். துணி கறுத்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அது உங்கள் ஸ்டீல்தான். மயிரிழைக் கீறல்கள் ஐந்து பத்து நிமிடத்தில் மறையும்.

அவை மறையாவிட்டால் 1500 வாட்டர் பேப்பரை ஈரமாக்கி, குச்சியில் ஒட்டி, ஒரே திசையில் தேய்த்துக் கீறலை எடுங்கள். அப்புறம் 2000 தாளை அதற்குக் குறுக்குத் திசையில். 1500 போட்ட கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனபிறகுதான் பசைக்கு வர வேண்டும். குறுக்காகத் தேய்ப்பதற்குக் காரணமே முந்தைய தாளின் கோடு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். பொறுமையில்லாமல் பசைக்குத் தாவினால், விளக்கடியில் பளபளக்கும், வெயிலில் கொண்டுபோனதும் அடியிலுள்ள கோடெல்லாம் எழுந்து நிற்கும். நான் ஒரு செயினை மூன்று தடவை திரும்பச் செய்தது இதனால்.

நேர்மையாகச் சொன்னால், கண்ணாடி போன்ற பளபளப்பில் தொழில்முறைக்காரர்களை வீட்டில் எட்ட முடியாது. கீறல் குறையும், ஒளி திரும்பும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. கோடு போடுங்கள்

இதுதான் வீட்டில் முழுமையாகச் செய்யக்கூடிய வேலை. செய்து முடித்தால் மனசு நிறையும்.

முதலில், பட்டை பொருந்துகிறதா என்று லாக்கின் உள்பக்கத்தில், கையில் கட்டினால் யாருக்கும் தெரியாத இடத்தில், நான்கைந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். அசல் கோட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கோடு தடியாகத் தெரிந்தால் நைசுப் பட்டை, பளபளப்பு கூடினால் முரட்டுப் பட்டை. இந்தச் சோதனையைச் செய்யாமல் மேல்பக்கத்துக்குப் போகாதீர்கள்.

பளபளப்பான பரப்புகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் இரண்டு அடுக்கு மூடுங்கள். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டவையுங்கள். ஒரு இழுப்பு டேப்பைத் தாண்டினாலும் பளபளப்பில் பத்துப் பதினைந்து கோடு விழும். 6-ஆம் படிக்குத் திரும்ப வேண்டும். லாக்கில் பெயரோ சின்னமோ பொறித்திருந்தால் அதன் மேலே உப்புத்தாள் வேண்டாம், பட்டை மட்டும். ஒவ்வொரு தடவையும் பொறிப்பின் ஆழம் குறைகிறது.

செயினை நேராக நீட்டி, ஒரு பலகையில் இருபுற டேப்பால் ஒட்டுங்கள். கண்ணிகள் ஆடக்கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் செயினுக்கு இணையாக ஒட்டிவிட்டால் கை கோணாது.

நகம் லேசாகத் தட்டிய கீறல்கள் இருந்தால் 600 தாளை மரத்துண்டில் சுற்றிக் கோட்டின் திசையிலேயே முதலில் இழுங்கள். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அங்கே குழி விழும். கண்ணியின் முழு நீளத்துக்கும் இழுங்கள்.

இனிப் பட்டை. மரத்துண்டின் அடியில் பட்டையைத் தட்டையாகப் பிடியுங்கள். செயினின் ஒரு முனைக்கு வெளியே, பலகையின் மேலேயே ஆரம்பித்து, ஒரே வேகத்தில் ஒரே அழுத்தத்தில் இழுத்து, மறுமுனையைத் தாண்டிய பிறகே தூக்குங்கள். தூக்கிய கையை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் அதே திசையில். நடுவில் நிறுத்தாதீர்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். திரும்பும் இடத்தில் கை மயிரிழை வளையும். அங்கே தூண்டில் முள் மாதிரிச் சின்னச் சின்னக் கொக்கிகள் விழும். கடையில் கொடுக்கும் முன் என் லாக்கில் இருந்தது முழுக்க அந்தக் கொக்கிகள்தான். எங்கே தப்பு என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை.

அழுத்தம் அதிகம் வேண்டாம். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் பதினைந்து இருபது இழுப்புக்குள் கண்ணிகள் எல்லாம் ஒன்றுபோல ஒளியை வாங்கி ஒன்றுபோல இருளும். அதோடு கையை எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது.

வளைந்த லாக்குக்குப் பலகை உதவாது. பட்டையை மேசையில் ஒட்டிவிட்டு, லாக்கைக் கையில் பிடித்து, அதன் வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டை மெல்ல உருட்டியபடி பட்டையின் மேல் இழுங்கள். முதலில் அழுத்தாமல் வெறும் கையசைவை நாலைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள். உருட்டும்போது லாக்கின் இரு ஓரங்களும் பட்டையை ஒரே நேரத்தில் தொட வேண்டும்; ஒரு ஓரம் தூக்கினால் கோடு விசிறி போல விரியும்.

கோடு குறுக்காக ஓடும் செயின் என்றால் ஒரு கண்ணி, அடுத்த கண்ணி என்று தனித்தனியாக, ஸ்கேலைக் குறுக்கே வைத்து. நேரம் இரட்டிப்பாகும், வேறு மாற்றம் இல்லை.

8. பொடியை வெளியேற்றி மாட்டுங்கள்

டேப்பை எடுத்ததும் கையில் கட்டிப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். கண்ணியிடுக்கில் உலோகப் பொடியும் பட்டையின் துகளும் நிறைந்திருக்கும். அப்படியே கட்டினால் மணிக்கட்டு கறுக்கும், அந்தத் துகளே உள்ளேயிருக்கும் பின்களை அரைக்கும். சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, செயினை வளைத்து வளைத்து டூத் பிரஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருந்தால் ஸ்டீல் செயினை மட்டும் அதில் போடலாம், வாட்சைப் போடாதீர்கள். நன்றாக உலரவிடுங்கள், ஒரு ராத்திரி துணியில் வைத்திருப்பது உத்தமம்.

மாட்டும்போது ஸ்பிரிங் பின்னின் இரு முனைகளும் காதின் துளைக்குள் விழும் 'டக்' சத்தத்தைக் கேளுங்கள். கேட்டாலும் நம்பாமல், மெத்தைக்கு மேலே வைத்து நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். திருகு வைத்த கண்ணிகள் என்றால் தேய்க்கும்போது ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

செயின் தொளதொளவென்று தொங்குகிறதே, பாலிஷ் போட்டால் சரியாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. அது உள்ளே பின்களும் துளைகளும் தேய்ந்ததால் வருவது.

9. வெளியே கொடுப்பதென்றால்

நகம் மாட்டிய ஆழக் கீறல், உடைந்த விளிம்பு, தங்கம், பூச்சு, மணல் வீச்சு ஃபினிஷ் இவற்றையெல்லாம் வெளியேதான் கொடுக்க வேண்டும். ஆழப் பள்ளத்தை லேசர் வெல்டிங்கில் அதே உலோகத்தால் நிரப்பி, பிறகு தேய்த்துச் சமப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தைக் குறைக்காமல் பள்ளத்தைப் போக்க எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் வழி. சாதாரண பாலிஷைவிடப் பல மடங்கு செலவாகும், எல்லா இடத்திலும் செய்வதுமில்லை. பூச்சு போன செயினுக்கு மறுபூச்சைவிட, அதே மாடலின் புதுச் செயின் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். லாக் மட்டும் தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கீறல் அதிகம் விழுவது அங்கேதான்.

கொடுக்கும்போது வாயால் சொல்வது எதற்கும் உதவாது. வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பரப்பு கோடு, எந்தப் பரப்பு பளபளப்பு, விளிம்பைத் தொடக்கூடாது, கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம். 3-ஆம் படியில் கிறுக்கிய படத்தின் நகலைச் சீட்டோடு பின் அடித்துவிடுங்கள். அவர்கள் இதற்குமுன் செய்த கோடு ஃபினிஷ் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று மின்னும் செயினை மட்டுமே எடுத்துக் காட்டினால் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எத்தனை நாளாகும் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கொடுத்த கண்ணிகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று. வாட்ச் ஓடவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, முழு சர்வீஸில் பாலிஷையும் சேர்த்தே செய்துவிடும் இடங்கள் உண்டு. உங்களுக்கு அது வேண்டாமென்றால் "பாலிஷ் செய்ய வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

10. மறுபடி எப்போது

முழு வேலையை நான் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்வதில்லை. இடையில் லாக்குக்கு மட்டும் சாம்பல் பட்டையால் நாலு இழுப்பு, அதுவும் ஏதாவது கண்ணை உறுத்தினால்தான். கீறல் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் இதுவும் குறையும். எனக்கு வந்தது மடிக்கணினியில். அலுமினிய உடலின் மேல் இருக்கும் ஆக்சைடு அடுக்கு ஸ்டீலைவிடக் கடினம், தட்டச்சு செய்யும்போதெல்லாம் லாக் அதன் மேல்தான் உரசிக்கொண்டிருந்தது. இப்போது உட்கார்ந்ததும் வாட்சைக் கழற்றி, செயினை விரித்து, ஒரு துணியின் மேல் கவிழ்க்காமல் வைத்துவிடுகிறேன். ஒரே துணிப்பையில் இரண்டு வாட்சைச் சேர்த்துப் போடுவதையும் நிறுத்திவிட்டேன். பயணத்தில் கிடைத்த கீறல்களெல்லாம் ஒரு செயின் இன்னொரு செயினுக்குக் கொடுத்தவை.